கடற்கரை ஓவியத்தைத் துடைக்கும் முன்

பழைய கடற்கரைக் காட்சி ஓவியங்களைச் சீரமைக்கக் கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "மேலே சொரசொரப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது, எடுத்துவிடுங்கள்." உடனே எடுக்க மாட்டேன். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, உருப்பெருக்கியில் பார்ப்பேன். சாய்ந்த ஒளியில் ஒவ்வொரு துணுக்கும் நிழல் போடும். வார்னிஷின் மேல் கிடந்தால் தூசு. வண்ணத்துக்குள் புதைந்து, சுற்றிலும் சாயம் கவ்வியிருந்தால், ஈரம் காயுமுன் காற்று கொண்டுவந்த மணலாக இருக்கலாம்.

லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது, பிரெஞ்சு ஓவியர் மோனே 1870-இல் தீட்டிய, பிரான்சின் த்ரூவில் ஊர்க் கடற்கரை ஓவியம். அதன் வண்ணத்தில் மணல் பதிந்திருக்கிறது. கடற்கரையிலேயே நின்று தீட்டினார் என்பதற்கு அந்த மணலே சாட்சி. சுத்தம் என்ற பெயரில் யாராவது அதைச் சுரண்டியிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்?

இளம் மோனேயைத் திறந்தவெளிக்கு அழைத்துச் சென்றவர் நார்மண்டிக் கடற்கரையின் ஓவியர் யூஜேன் பூதேன் (1824–1898). வானத்தையும் கடலையும் பேஸ்டல் என்ற வண்ணக் குச்சிகளால் விரைந்து தீட்டி, தேதி, நேரம், காற்று ஆகியவற்றை ஓரத்திலேயே குறித்து வைப்பார். 1859-இல் கவிஞர் போத்லேர் வியந்து எழுதியது இந்தக் குறிப்புகளைப் பற்றித்தான். ஓவியத்துக்குச் சட்டம் போடுபவர்கள் முதலில் கை வைப்பதும் அந்த ஓரத்தில்தான். சட்டத்தின் அட்டைக்குள் மறைத்தாலாவது மீட்கலாம். வெட்டினால் போயே போய்விட்டது.

அமெரிக்க ஓவியர் ஜான் ராண்ட் 1841-இல் காப்புரிமை பெற்ற தகரக் குழாய், வண்ணத்தை வெளியே சுமந்து செல்வதை எளிதாக்கியது. ஆனால் கடல் காத்திருக்காது. அலை ஏறும், மேகம் நகரும், ஒளி மாறிவிடும். அதனால் ஈர வண்ணத்தின் மேல் ஈர வண்ணம் விழுந்து விளிம்புகள் கலங்கும், இடையிடையே வெறும் கித்தான் தெரியும். அந்த இடங்களை "நிரப்பித் தாருங்கள்" என்று கேட்பார்கள். நான் நிரப்புவதில்லை. அவசரம் அந்த ஓவியத்தின் உயிர். அதில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை.

உங்களிடம் அப்படி ஓர் ஓவியம் இருந்தால் ஈரத்துணி, ரொட்டித் துண்டு, உருளைக்கிழங்கு எதையும் அதன் மேல் தேய்க்காதீர்கள். சட்டம் மாற்றுவதற்கு முன் பின்புறத்தையும் நான்கு ஓரங்களையும் புகைப்படம் எடுங்கள். வண்ணம் உரிவதுபோல் தெரிந்தால், முகம் மேலே இருக்கும்படி படுக்கவைத்துவிட்டு, ஓவியச் சீரமைப்பு தெரிந்த ஒருவரை அழையுங்கள்.