அலியாஸ், புனைபெயர், வழங்குபெயர்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் உறுதிமொழிப் பத்திரங்களுக்கு வாசகம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. போன மாதம் ஓர் இசை ஆசிரியை வந்தார். வீடு கடலூரில், வகுப்பு புதுச்சேரியில், வாடகை இடத்தில். அவருடைய பெயரை இணையத்தில் தட்டினால் தகப்பனார் பெயரும் தெருவும் சேர்ந்தே வருகின்றன. அதைப் பிடித்துக்கொண்டு தொல்லைக்காரன் ஒருவன் வாசல்வரை வந்துவிட்டான். பலகையிலும் துண்டறிக்கையிலும் வேறு பெயர் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நான் வழக்கம்போல ‘இன்னார் (எ) இன்னார்’ என்று எழுதி நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர், “என்ன சார், தேடப்படும் குற்றவாளி மாதிரி இருக்கிறதே” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. (எ) என்பது ‘என்கிற’ என்பதன் சுருக்கம். வாக்காளர் பட்டியலிலும் கிரயப் பத்திரத்திலும் சாதுவாக உட்கார்ந்திருக்கும் எழுத்துதான். ஆனால் நம் கண்ணில் அது அதிகம் படுவது கைதுச் செய்திகளில். அதற்கு மூலமான ‘அலியாஸ்’ இலத்தீன் சொல். ‘வேறொரு சமயத்தில்’, ‘வேறாக’ என்பதே அதன் பொருள். குற்றவாடை ஏதும் அதில் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் இதே இடத்தில் ‘தி’ என்பார்கள், ‘என்று சொல்லப்படுகிற’ என்ற பொருளில். நம் ‘என்கிற’வுக்கு உடன்பிறப்பு போல இருக்கிறது. பழைய பிரெஞ்சுப் படையில் சிப்பாய்கள் வீட்டுப் பெயரோடு இந்தத் ‘தி’யைச் சேர்த்து ஒரு போர்ப்பெயரும் வைத்திருந்தார்கள்.

‘ஸ்யூடோனிம்’ என்பதன் கதை வேறு. கிரேக்கத்தில் பொய் என்ற சொல்லும் பெயர் என்ற சொல்லும் சேர்ந்து பிறந்தது. அதாவது பொய்ப்பெயர். தமிழ் அந்த வழியில் போகவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. நாம் ‘புனைபெயர்’ என்றோம். மாலை புனைவது அணிவது. பா புனைவது இயற்றுவது. கற்பனையாகக் கட்டுவதும் புனைவுதான், ஆனால் அது பின்னால் நிற்கும் பொருள். புனைபெயர் என்றால் முதலில் அணிந்துகொண்ட பெயர். இது வினைத்தொகை: புனைந்த, புனைகின்ற, புனையும் பெயர். ஆகவே ஊறுகாயில் க் மிகாததுபோல இங்கும் ப் மிகாது. ‘புனைப்பெயர்’ என்று அச்சடிக்கும் வழக்கம் எவ்வளவு பரவியிருந்தாலும் பிழை பிழைதான்.

பெயரை மறைப்பது நமக்குப் புதிதும் அல்ல. அகத்திணைப் பாட்டில் ஒருவரைச் சுட்டிப் பெயர் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியமே விதி வைத்திருக்கிறது: ‘சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்.’ காதலையும் பிரிவையும் எவ்வளவு வேண்டுமானாலும் பாடலாம், யாருடையது என்பது மட்டும் வெளியே வரக் கூடாது. அந்தரங்கத்துக்கு இதைவிடக் கறாரான காவலை நான் படித்ததில்லை.

இந்தப் பக்கத்து ஊர்களில் புனைபெயருக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த சொ. விருத்தாசலம் கதைக்குப் புதுமைப்பித்தன், கவிதைக்கு வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை, சண்டைக்கு ரசமட்டம். புதுச்சேரியில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்த கனகசுப்புரத்தினம் கிறுக்கன், கிண்டல்காரன் என்றெல்லாம் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் பாரதிதாசனில் நிலைத்தார். பாரதியும் ஷெல்லிதாசன், காளிதாசன் எனப் பல பெயர்களில் எழுதியவர். ஆனால் 1908இல் ஆங்கில அரசின் கைதிலிருந்து அவரைக் காத்தவை அந்தப் பெயர்கள் அல்ல. ‘இந்தியா’ பத்திரிகையின் பதிவில் அவர் பெயர் இல்லை. பதிவில் இருந்த சீனிவாசன் சிறைக்குப் போனார், பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்துசேர்ந்தார். எழுதுகிற பெயர் ஒன்று, பதிவேட்டுப் பெயர் இன்னொன்று. சர்க்காரின் கை நீள்வது இரண்டாவதை நோக்கித்தான்.

அந்த இரண்டாவதை ‘இயற்பெயர்’ என்கிறோம். இலக்கணத்தில் ஒருவருக்கு இட்டு வழங்கும் பெயர் அது. ஆதார் அட்டையில் இருப்பதைச் சொல்லப் ‘பதிவுப்பெயர்’ என்பதே துல்லியம். பதிவுப்பெயரும் மாறக்கூடியதுதானே. பிரெஞ்சிந்தியாவில் 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி, தம் சாதி சமய வழக்குச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின்கீழ் வந்தவர்கள் ஒரு குடும்பப்பெயரைத் தேர்ந்து பதிந்தார்கள். அந்தப் பெயர்கள் இன்றும் பேரப்பிள்ளைகளோடு வருகின்றன.

இன்றைக்குப் பதிவுப்பெயரை மாற்ற வேண்டுமானால் அரசிதழில் அறிவிப்பு வர வேண்டும். தமிழ்நாட்டு அரசிதழ் அறிவிப்பில் பழைய பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் அச்சாகும். (புதுச்சேரிக்குத் தனி அரசிதழ், அதன் தலைப்பில் பிரெஞ்சும் இருக்கும்.) ஒளிந்துகொள்ள நினைப்பவர் முகவரியோடு தண்டோரா போடுவதுபோல் ஆகிவிடும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்ன பிறகும் இந்தப் படிவம் இப்படித்தான் இருக்கிறது. ஆகவே தொல்லைக்குப் பயந்து வருகிறவர்களிடம் அரசிதழ் வேண்டாம் என்பேன். பதிவுப்பெயர் வங்கியிலும் வருமான வரியிலும் இருக்கட்டும். வெளியே வேறு பெயர் அணிந்துகொள்ளட்டும். ஏமாற்றுவதற்காக ஆள்மாறாட்டம் செய்தால்தான் குற்றம். மருத்துவர், வழக்கறிஞர் போன்றோர் மட்டும் தங்கள் தொழிலுக்கான மன்றத்தின் பதிவில் உள்ள பெயரில்தான் தொழில் செய்யவேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமோ புனைபெயரில் வெளியான நூலுக்கும் 60 ஆண்டுப் பாதுகாப்புத் தருகிறது.

சரி, அந்த வெளிப்பெயருக்கு என்ன சொல்? ‘தொழிற்பெயர்’ என்று எழுதிவிடலாம் என்று கை போகும். போகக் கூடாது. படித்தல், ஆடல் போன்றவைதாம் தொழிற்பெயர்; பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சிரிக்கும். ‘மாற்றுப்பெயர்’ தவறில்லை, ஆனால் எதையோ மாற்றிவிட்ட சாயல் அதில் உண்டு. எழுத்தாளருக்குப் புனைபெயர் போதும். மற்றவர்களுக்கு எனக்குப் பிடித்த சொல் ‘வழங்குபெயர்’. ஊர் ஒருவரை எந்தப் பெயரால் வழங்குகிறதோ அது. பழைய சொல்தான், குற்றவாடை இல்லை. பணியை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் ‘பணிப்பெயர்’ என்னலாம்.

ஆசிரியைக்கு மறுபடி எழுதினேன்: ‘இன்னார் ஆகிய நான், இசை கற்பிக்கும் பணியில் இன்ன வழங்குபெயரால் அறியப்படுகிறேன்.’ முகம் தெளிந்தது. தட்டச்சுப் பையன் முத்திரைத்தாளில் ‘வழங்குப்பெயர்’ என்று அடித்துக் கொண்டுவந்தான். தாள் இன்னொன்று வாங்கிவரச் சொன்னேன்.