வில்லாய் வளையும் பாதை, நாணாய் நிற்கும் இறக்கை

அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றின் தென்கரையில், ரொவீனா முகடு என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே நின்றால் எதிர்க்கரை கண்ணுக்கு முன்னால் விரியும். மேலே பழுப்பும் கறுப்புமாய் எரிமலைப் பாறை; அதன் காலடியில், தண்ணீரை ஒட்டி, ரயில் பாதை. வழக்கமான கூட்ஸ் வண்டி வந்தால் அது ஆற்றோடு சேர்ந்து பாம்பு மாதிரி நெளிந்து போகும். காற்றாலை இறக்கைகளை ஏற்றிய வண்டி வந்தால் காட்சியே வேறு. கீழே வேகன்கள் வளைவில் திரும்புகின்றன. மேலே 50 மீட்டர் நீள வெள்ளை இறக்கைகள் துளியும் வளையாமல் நேராக நிற்கின்றன. பள்ளிக்கூடத்தில் வட்டம் வரைந்து நாண் போட்டோமே, அதே படம்தான். பாதை வில், இறக்கை நாண். படம் எடுக்கப் போகிறவர்கள் காத்திருக்க வேண்டியது இந்த ஒரு கணத்துக்குத்தான் என்பது என் கட்சி.

முதலில், இந்த வண்டி ஏன் இந்த வழியாக வருகிறது? காஸ்கேட் மலைத்தொடர் பசிபிக் கரைக்கு இணையாக நெடுஞ்சுவர் போல நிற்கிறது. அந்தச் சுவரைக் கிட்டத்தட்ட கடல்மட்டத்திலேயே அறுத்துக்கொண்டு போகும் வழி கொலம்பியா ஆற்றின் பள்ளத்தாக்கு. சுமார் 130 கிலோமீட்டர் நீளம். சில இடங்களில் 1,200 மீட்டர் ஆழம். கடைசிப் பனியுகத்தின் இறுதியில் மிசூலா என்ற பனியணை ஏரி திரும்பத் திரும்ப உடைந்து, அந்த வெள்ளங்கள் இதன் சுவர்களைச் செங்குத்தாகச் சீவிவிட்டன. ரயில் பாதை போடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடைக்காது. மலை ஏற வேண்டாம், ஆற்றோடு போனால் போதும். வடகரைப் பாதை 1908-இல் திறக்கப்பட்டது. தென்கரையில் அதற்கும் முன்பே ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

ரயிலுக்கு வழிவிட்ட அதே இடைவெளிதான் காற்றுக்கும் வழி. கோடையில் மலைக்குக் கிழக்கே உள்ள வறண்ட நிலம் காய்ந்து, அங்கே காற்றழுத்தம் குறையும். மேற்கே கடலோரம் குளிர்ந்த, கனமான காற்று. அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குக் காற்று ஓடியாக வேண்டும். நடுவில் மலைச்சுவர் நிற்பதால் இந்த ஒரு சந்துக்குள் முண்டியடித்துக்கொண்டு நுழைகிறது. குளிர்காலத்தில் திசை தலைகீழாகி, கிழக்கிலிருந்து வீசும். பள்ளத்தாக்கின் கிழக்கு வாசலைத் தாண்டினால் இரு கரைகளிலும் மேட்டு நிலத்தில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள்.

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு ரயிலில் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ரயிலும் காற்றும் ஒரே வாசலைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஜன்னலுக்கு வெளியே முப்பந்தல் காற்றாலைகள் சுற்றுவதற்கும் மலைத்தொடரில் இருக்கும் திறப்புதான் காரணம்.

சரி, இறக்கைக்கு வருவோம். வாஷிங்டன் மாநிலத்தில் வான்கூவர் என்று ஒரு துறைமுக நகரம் உண்டு. கனடாவில் இருப்பது வேறு. காற்றாலை உறுப்புகள் கப்பலில் இங்கே வந்து இறங்கி, லாரியிலும் ரயிலிலும் உள்நாட்டுக்குப் போகின்றன. 50 மீட்டர் இறக்கை ஒன்றின் எடை ஏறக்குறைய 10 டன்தான். ஒரு சரக்கு வேகன் தாங்கும் எடையில் அது கொஞ்சம். ஆகவே இங்கே சிக்கல் எடையில் இல்லை, நீளத்தில். அமெரிக்காவில் பெரிய தட்டை வேகனே 27 மீட்டர்தான். அதனால் ஒரே இறக்கை இரண்டு வேகன்கள் மீது படுக்க வேண்டியிருக்கிறது.

நேர்பாதையில் ஒரு தொல்லையும் இல்லை. வளைவில்தான் கணக்கு தொடங்குகிறது. 350 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை வைத்துக்கொள்வோம். இறக்கையின் தடித்த அடிப்பக்கத்தில் ஒரு தாங்கி, அதிலிருந்து 35 மீட்டர் தள்ளி அடுத்த வேகனில் இன்னொரு தாங்கி. தாங்கிகள் இரண்டும் தண்டவாளத்துக்கு நேர் மேலே இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு நடுவே பாதை வெளிப்பக்கமாக வளைந்து போக, இறக்கை குறுக்கே நேராகப் போகிறது. எவ்வளவு விலகும்? தாங்கிகளுக்கு இடையிலான தூரத்தின் வர்க்கத்தை, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் விடை வரும். 1,225-ஐ 2,800-ஆல் வகுக்க, சுமார் 44 சென்டிமீட்டர். நடுப்பகுதி அவ்வளவு தூரம் வளைவின் உள்பக்கமாக ஒதுங்கும்.

இரண்டாவது தாங்கியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் 15 மீட்டர் நுனி இதற்கு நேர் எதிராக நடந்துகொள்ளும். அது வளைவின் வெளிப்பக்கம் பாயும். அதே வளைவில் ஒரு மீட்டருக்கும் சற்றுக் கூடுதலாக. ஆரம் பாதியானால் இரண்டு அளவுகளும் இரட்டிப்பாகும். பக்கத்துத் தண்டவாளத்தில் இன்னொரு வண்டி வந்தால், சுரங்கப்பாதையின் சுவர் நெருங்கினால், பாறை துருத்தி நின்றால் என்னவாகும்? அதனால்தான் இப்படிப்பட்ட வண்டி கிளம்புவதற்கு முன்பே, போகும் வழியில் உள்ள ஒவ்வொரு சுரங்கமும் பாலமும் வளைவும் சரக்கின் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படுகின்றன.

இறக்கையின் வடிவமே ஒரு விதத்தில் கைகொடுக்கிறது. வெளிப்பக்கம் அதிகமாக வீசும் நுனிதான் அதன் மெலிந்த பகுதி. மிக அகலமான இடம் அடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் வந்துவிடும். அந்த அகலம் வேகனைவிடப் பெரிதாக இருக்கலாம் என்பதால் இறக்கையை மல்லாக்கப் போடாமல், விளிம்பு மேலே பார்க்க ஒருக்களித்து நிறுத்துகிறார்கள்.

தாங்கிகளைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் டெலி லென்ஸ் வழியே பார்த்தால் அடிப்பக்கத்தில் ஓர் இரும்புச் சட்டம் தெரியும். ஆள் உயரத்தைவிடப் பெரிய, இறக்கையின் வட்ட வாய் அதில் போல்ட்டுகளால் முடுக்கப்பட்டிருக்கும். இரண்டு தாங்கிகளையும் அசையாமல் இறுக்கிவிட்டால் வளைவில் இறக்கை வலிந்து வளைக்கப்பட்டு விரிசல் விடலாம். எனவே ஒன்று திரும்ப மட்டும் இடம் கொடுக்கும். மற்றொன்று திரும்பவும் வேண்டும், முன்னும் பின்னும் நகரவும் வேண்டும். நாம் சொன்ன வளைவில் வில்லுக்கும் நாணுக்கும் உள்ள நீள வித்தியாசம் ஒன்றரை சென்டிமீட்டர்தான். ஆனால் வேகன்களை இணைக்கும் கொக்கிகளில் இருக்கும் ஆட்டம் அதைவிடப் பெரிது. எஞ்சின் இழுத்தால் வேகன்கள் விலகும், பிரேக் போட்டால் நெருங்கும். அந்த இழுபறி எதுவும் இறக்கைக்குப் போய்ச் சேராமல் இந்த நகரும் தாங்கி விழுங்கிக்கொள்கிறது.

இப்போது கேமரா. வடகரை தெற்கே பார்த்திருக்கிறது; சூரியனும் வானத்தின் தெற்குப் பக்கத்திலேயே நகர்கிறது. ஆகவே தென்கரையில் நிற்பவருக்கு நாளின் பெரும்பகுதி வெளிச்சம் முதுகுப் பக்கத்திலிருந்து வந்து எதிர்க்கரை மேல் விழும். தண்டவாளம் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருப்பதாக வைத்து, முழுச்சட்டக் கேமராவில் (அதன் சென்சார் 36 மில்லிமீட்டர் அகலம்) 400 மில்லிமீட்டர் லென்ஸைப் போட்டால், படத்துக்குள் 135 மீட்டர் அகலம் அடங்கும். ஆக, இரண்டு இறக்கையும் கொஞ்சமும். வில்லும் நாணும் தெரிய இது சரியான அளவு. முழு வண்டியும் வேண்டுமென்று 50 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தால் இறக்கைகள் வெள்ளைக் குச்சிகளாகிவிடும்.

தூரத்து வண்டிக்கு மிக வேகமான ஷட்டர் தேவையா? இல்லை. மணிக்கு 65 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 18 மீட்டர். ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில், 400 மில்லிமீட்டர் லென்ஸில், அதன் பிம்பம் சென்சார் மேல் நொடிக்கு 5 மில்லிமீட்டர்கூட நகராது. 1/1000 நொடி தாராளம். அதே வண்டியை 20 மீட்டர் பக்கத்திலிருந்து 50 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தால் பிம்பம் 45 மில்லிமீட்டர் ஓடும், ஒன்பது மடங்குக்கும் மேல்.

தூரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. 1,500 மீட்டரில் உள்ள இறக்கையும் அதற்கு 100 மீட்டர் பின்னால் உள்ள இறக்கையும் படத்தில் கிட்டத்தட்ட ஒரே அளவில் தெரியும். 20 மீட்டரிலிருந்து பார்த்தால் பின்னது முன்னதில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். வண்டி வளைவில் நம்மை நோக்கித் திரும்பும்போது இறக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போல நெருங்கித் தெரிவது இதனால்தான். லென்ஸ் நெருக்கிவிட்டது என்பார்கள். உண்மையில் நெருக்குவது தூரம்.

பலரும் சறுக்குவது வெளிச்ச அளவில். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். சட்டகத்தில் முக்கால்வாசி கரும்பாறை இருந்தால், இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். பாறை நன்றாக வரும். வெள்ளை இறக்கை விவரமே இல்லாமல் வெளுத்துப்போகும். அதன் மெல்லிய வளைவைக் காட்டும் நிழல் முழுவதும் போய்விடும். முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து எடுத்து, பாறையை அப்புறம் கணினியில் மெதுவாக வெளிக்கொண்டு வரலாம். கோடையில் காலையிலேயே எடுத்துவிடுவது நல்லது. பிற்பகலில் சூடான பாறையிலிருந்து எழும் காற்று நேர்க்கோட்டையெல்லாம் நெளிய வைக்கும், பலத்த காற்று ட்ரைபாடையும் ஆட்டும். எந்த லென்ஸ் இருந்தாலும் பொது இடத்திலிருந்தே எடுங்கள். அங்கே தண்டவாளமும் அதை ஒட்டிய நிலமும் ரயில் நிறுவனங்களின் தனிச்சொத்து.

இறக்கைகள் நீண்டுகொண்டே போகின்றன. 100 மீட்டர் இறக்கையை இதே கணக்கில் இரண்டு தாங்கி மேல் வைத்தால் பல வளைவுகளைத் தாண்ட முடியாது. அமெரிக்க எரிசக்தித் துறைக்காகச் சாண்டியா, பெர்க்லி உள்ளிட்ட தேசிய ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, வண்டி வளைவில் திரும்பும்போது இறக்கையையும் அளவாக வளையவிட்டு, நேர்பாதையில் மறுபடி நிமிரவிடும் வழியை ஆராய்ந்திருக்கின்றன. அந்த இறக்கைகள் இந்த ஆற்றோரம் வரும் நாளில், ரொவீனா முகட்டிலிருந்து எடுக்கும் படத்தில் நாணும் வில்லோடு சேர்ந்து வளைந்திருக்கும்.