ரேங்க் கார்டு: சொல் விளக்கம்

"ரேங்க் கார்டு வந்துருச்சுண்ணே" என்று பக்கத்து வீட்டு அம்மா நீட்டியது கைபேசியை. பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப். அதில் ரேங்கும் இல்லை, கார்டும் இல்லை. ஐந்து பாடங்களின் மதிப்பெண் மட்டும். பொருள் போனபிறகும் பெயர் போகவில்லை.

ரேங்க், பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். வரிசை என்று பொருள். கார்டின் வேர் கிரேக்கத்தில் பாப்பிரஸ் தாளைக் குறித்த சொல். ஆக, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் காட்டும் தாள். பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசு 2017இல் நிறுத்திவிட்டது. வீட்டுப் பேச்சில் ரேங்க் நிற்கவில்லை.

கொஞ்சம் நாகரிகமாகச் சொல்பவர்களுக்கு அது புரோகிரஸ் ரிப்போர்ட். புரோகிரஸ், கிரேடு இரண்டுக்கும் லத்தீனில் ஒரே வேர்: எடுத்துவைக்கும் அடி. அதை அப்படியே 'முன்னேற்ற அறிக்கை' என்று தமிழாக்கினோம். கணக்கில் போன தடவை 62, இந்தத் தடவை 38 வாங்கியவன் கையில் அந்தத் தலைப்போடு ஒன்றைக் கொடுத்தால் கேலி செய்வதுபோல் இருக்காதா? 'மதிப்பெண் பட்டியல்' பிழையில்லை. ஆனால் அதைக் கேட்டதும் பொதுத்தேர்வுச் சான்றுதான் நினைவுக்கு வருகிறது.

எனக்குப் பிடித்தது இலங்கைப் பள்ளிகளில் வழங்கும் 'தேர்ச்சி அறிக்கை'. (அங்கே மதிப்பெண்ணுக்குப் புள்ளி என்று பெயர், தரம் 8 என்றால் எட்டாம் வகுப்பு.) தேர் என்றால் ஆராய். ஆராயாமல் ஒருவரை நம்புகிறவனைத் 'தேரான்' என்கிறது 510ஆம் குறள். தேர்வும் தேர்ச்சியும் அந்த வேரில் முளைத்தவை. தேர்ச்சி கூடலாம், குறையலாம். முன்னேற்றம் குறைந்தால் அதற்குப் பெயர் முன்னேற்றம் இல்லை. திரையில் வந்தாலும் இந்தப் பெயரே போதும், 'மின்' ஒட்டுப் போடவேண்டியதில்லை. அட்டை என்ற சொல் அதில் இல்லாததும் வசதி.

அட்டைக்கென்று ஒரு தனி வாழ்க்கை இருந்தது. சிவப்பு மையில் அடிக்கோடிட்ட எண், கீழே 'பெற்றோர் கையொப்பம்' என்ற கட்டம். என்னுடையது ஒருமுறை மூன்று நாள் பாய்க்கு அடியில் கிடந்தது. அப்பா நல்ல மனநிலையில் இருக்கும் வேளை பார்த்து எடுத்து நீட்டினேன். அப்பாவின் கையெழுத்தைத் தாங்களே போட்டுப் பழகியவர்களும் வகுப்பில் இருந்தார்கள்.

இப்போது பிள்ளை புத்தகப் பையைத் தூக்குவதற்குள் மதிப்பெண் வீட்டுக்குப் போய்விடுகிறது. பெற்றோர் பலருக்கு இது நிம்மதி: மறைக்க முடியாது, தொலையாது. ஆனால் நல்ல மதிப்பெண்ணை ஓடிவந்து சொல்லும் வாய்ப்பும் சேர்ந்தே போயிற்று. பக்கத்து வீட்டுப் பையன் அறிவியலில் 91. அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பாத்துட்டேன்டா" என்றார் அம்மா.