ரிப்போர்ட் நார்மல்னு தைராய்டு மாத்திரைய நிறுத்திட்டீங்களா?

இந்த மாசத்துல மட்டும் இது மூணாவது. ஒரு அம்மாவ அவங்க பொண்ணு கூட்டிட்டு வந்தாங்க, "உக்காந்த இடத்துலயே தூங்கிடுறாங்க டாக்டர், குரல் கூட கரகரன்னு மாறிப்போச்சு"ன்னு. முகம் உப்பியிருக்கு, தோல் சொரசொரன்னு இருக்கு. குதிகாலுக்கு மேல இருக்குற தசைநார்ல சுத்தியலால லேசா தட்டினா பாதம் வெடுக்குன்னு அசைஞ்சு உடனே பழைய இடத்துக்கு வந்துரணும், இவங்களுக்கு அசைஞ்ச பாதம் திரும்பி வர்றதுக்குள்ள நான் மூச்சு விட்டு இழுத்துட்டேன். ரத்தம் எடுக்குறதுக்கு முன்னாடியே தைராய்டு குறைவுன்னு தெரிஞ்சு போச்சு. தைராய்டு குறையும்போது ரத்தத்துல ஏறுற டிஎஸ்எச் 96. ஃபைல புரட்டினா ஏழு மாசம் முன்னாடி ரிப்போர்ட்ல 2.4 இருக்கு. நடுவுல என்னம்மா ஆச்சுன்னு கேட்டா, "அதான் நார்மல் வந்துருச்சே, அப்புறம் எதுக்கு மாத்திரைன்னு விட்டுட்டேன்".

அந்த 2.4 மாத்திரை போட்டதால வந்த 2.4ங்க. கெணறு வத்திப்போச்சு, வெளியில இருந்து தண்ணி கொண்டாந்து தொட்டிய ரொப்புறோம், தொட்டி நிறைஞ்சிருக்குன்னு பாத்துட்டு கெணறு ஊறிருச்சுன்னு சொல்ல முடியுமா? நீங்க போடுற இந்த மாத்திரை, லெவோதைராக்சின், உங்க தைராய்ட குணப்படுத்துற மருந்து இல்ல, அது சுரக்க வேண்டியத வெளியில இருந்து குடுக்குறது, அவ்வளவுதான். ரிப்போர்ட் நார்மல்னா டோஸ் சரியா இருக்கு, அப்படியே தொடருங்கன்னு அர்த்தம். இத நிறுத்துனா மறுநாளே ஒண்ணும் தெரியாது, அதுதான் பெரிய வில்லங்கம். உள்ள இருக்குற மருந்துல பாதி குறையவே ஒரு வாரம் ஆகும். அதனால முதல் ரெண்டு மூணு வாரம் நல்லாத்தான் இருக்கும், "பாத்தீங்களா, மாத்திரை இல்லாமலே நல்லாருக்கேன்"னு தோணும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும்போது வயசாகுதுன்னு நினைச்சுக்குவாங்க. சிலருக்கு நிறுத்த முடியும், பிரசவத்துக்கு அப்புறம் கொஞ்ச நாளைக்கு மட்டும் வர்ற தைராய்டு வீக்கம் மாதிரி. ஆனா அத டெஸ்ட் வெச்சு நாங்க பாத்து நிறுத்தணும், நீங்களா இல்ல.

இன்னொண்ணு, டிஎஸ்எச் கூடியிருந்தா தைராய்டு கூடிப்போச்சுன்னு இன்னமும் சொல்றாங்க. நேர் எதிர். டிஎஸ்எச் மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரி போடுற அதட்டல், தைராய்டு சரியா வேலை செய்யலன்னா அதட்டல் ஏறும்.

இதுக்கு மறுபக்கமும் இருக்கு, அதுலயும் எனக்கு அதே அளவு வருத்தம். மாஸ்டர் செக்கப்ல டிஎஸ்எச் 5.8னு தடிச்ச எழுத்துல வந்துரும், ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்துல இருக்குற தைராய்டு ஹார்மோன் அளவு, அத பாக்காமலே அன்னைக்கே மாத்திரை ஆரம்பிச்சுடுறாங்க. ஃப்ரீ டி4 நார்மலா இருந்து டிஎஸ்எச் மட்டும் 10க்கு கீழ கொஞ்சமா ஏறியிருந்தா பெரும்பாலும் ரெண்டு மூணு மாசம் கழிச்சு திரும்ப எடுத்து பாக்கலாம், நிறைய பேருக்கு தானா இறங்கிடும். 70 தாண்டினவங்களுக்கு கொஞ்சம் கூட இருக்குறது இயல்புதான், அவங்களுக்கு அளவுக்கு மீறி மாத்திரை குடுத்து டிஎஸ்எச் 0.1க்கு கீழ போச்சுன்னா இதயத்துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேஞ்சுபோகும். கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பத்துக்கு முயற்சி பண்றவங்களுக்கும் கணக்கே வேற, அவங்க மூணு மாசம் காத்திருக்கக் கூடாது.

கர்ப்பம்னு தெரிஞ்ச உடனே "புள்ளைக்கு ஆகாது"ன்னு தைராய்டு மாத்திரைய நிறுத்துறவங்கள என்ன சொல்றதுன்னே தெரியல. முதல் மூணு மாசம் குழந்தைக்கு சொந்தமா தைராய்டு ஹார்மோன் கிடையாது, உங்ககிட்ட இருந்துதான் போகணும். அப்போ டோஸ் பொதுவா கால்வாசிக்கு மேல ஏத்தவேண்டி வரும். தயவுசெஞ்சு நிறுத்தாதீங்கம்மா, உறுதியான அன்னைக்கே டாக்டருக்கு சொல்லுங்க.

மாத்திரை வெறும் வயித்துல, தண்ணியில மட்டும். காபி, டிபன் எல்லாம் அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் கழிச்சு. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கு நாலு மணி நேர இடைவெளி விடுங்க, ஒண்ணா முழுங்கினா தைராய்டு மாத்திரை உடம்புல சேராது. டோஸ் மாத்தினா ஆறுல இருந்து எட்டு வாரம் கழிச்சுதான் டெஸ்ட், பத்து நாள்ல எடுத்துட்டு "இறங்கவே இல்ல"ன்னு வந்து நிக்காதீங்க. டெஸ்ட் அன்னைக்கு ரத்தம் குடுத்துட்டு மாத்திரை போடுங்க. முடி கொட்டுதுன்னு பயோட்டின் வைட்டமின் மாத்திரை சாப்பிடுறவங்க குறைஞ்சது ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்துங்க. பல லேப் மெஷின்ல அது டிஎஸ்எச்ச பொய்யா இறக்கி டி4ஐ பொய்யா ஏத்தி காட்டும். மருந்து பத்தாம முடி கொட்டுறவங்களுக்கு மருந்து அதிகமாயிருச்சுன்னு ரிப்போர்ட் வரும், அத நம்பி டோஸ குறைச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

டெஸ்டுக்கு முன்னாடி ஒரு வாரம் மட்டும் ஒழுங்கா போட்டுட்டு வர்றவங்களும் இருக்காங்க. ஃப்ரீ டி4 நார்மலா இருக்கும், டிஎஸ்எச் மட்டும் மேல நிக்கும், பாத்தாலே தெரியும். ஆனா எல்லா நேரமும் எங்களால கண்டுபிடிக்க முடியாது. நாள் விட்டுப்போயிருந்தா, மாசக்கணக்குல நிறுத்தியிருந்தா கூட, மறைக்காம சொல்லுங்க, நான் திட்டமாட்டேன். தினமும் போடுறேன்னு நீங்க சொன்னா, 75 மைக்ரோகிராம் பத்தலன்னு நினைச்சு நான் 125 எழுதிடுவேன். நீங்க அத ஒருநாள் நிஜமாவே தினமும் போட ஆரம்பிப்பீங்க.