சிவாவா ஏன் அவ்ளோ குரைக்குது?

சிவாவாங்கற ரொம்ப சின்ன ஜாதி நாய் இருக்கற வீட்டுக்கு போனா முதல்ல குரைப்பு சத்தம்தான் வரும், உடனே "இந்த ஜாதியே இப்படித்தான்"னு முடிச்சிடறாங்க, ஆனா அந்த குரைப்புல நிறைய நாமளே அதுக்கு பழக்கிவிட்டது.

3 கிலோ கூட இல்லாத உடம்பு. தரையில இருந்து பாத்தா வர்றவரோட கால்தான் தெரியும், திடீர்னு மேல இருந்து ஒரு கை எறங்கி வருது. பயந்து மொதல்ல முகத்த திருப்பிக்கும், உதட்ட நக்கும், வால இடுக்கிக்கும், யாரும் கண்டுக்க மாட்டாங்க. அப்புறம் உர்ருங்கும், அதையும் க்யூட்னு சிரிப்போம். கடைசில கத்தி குரைச்சதும்தான் கை பின்னாடி போகுது. குரைச்சா பயம் போயிடும்னு அதுக்கு புரிஞ்சிடுச்சு, அடுத்த தடவ நேரா குரைப்புதான். பெரிய நாய் உர்ருன்னா நாமளே தள்ளி நிப்போம்ல, அந்த மரியாதை இதுக்கு கிடைக்கறதில்ல, எனக்கு இதுதான் ரொம்ப கஷ்டமா இருக்கு.

குட்டி பொறந்து 3வது வாரத்துல இருந்து சுமார் 12, 14 வாரம் வரைக்கும் மூளை புதுசா பாக்கறத சுலபமா ஏத்துக்கும், அதுக்கப்புறம் புதுசுன்னாலே சந்தேகம்தான். தடுப்பூசி கோர்ஸ் முடிய 16 வாரம் ஆகுதேன்னு வீட்லயே பூட்டி வச்சா அந்த காலம் போயிடும். ஆனா இது சின்ன குட்டி, நாய் டாக்டர் கிட்ட கேட்டுட்டு கைல தூக்கிட்டே வெளிய போய் குடை, பைக் சத்தம், குழந்தைங்க, தாடி வச்சவங்கன்னு எல்லாத்தையும் தூரத்துல இருந்து காட்டலாம், ஒவ்வொன்னுக்கும் ஒரு ட்ரீட். ட்ரீட் அரை பட்டாணி அளவு போதும். பசியோட இருந்தா நல்லா கத்துக்கும்னு மட்டும் பட்டினி போடாதீங்க, இவ்ளோ சின்ன குட்டிக்கு சர்க்கரை சட்டுனு எறங்கி மயக்கமே வந்துடும்.

காலர்ல லீஷ் மாட்டி இழுக்காதீங்க, மூச்சுக்குழாய் ரொம்ப மென்மையானது, நெஞ்ச சுத்தி மாட்டற ஹார்னஸ் போடுங்க. தூக்கறதுக்கு முன்னாடி "தூக்கவா"ன்னு ஒரே வார்த்தைய தினமும் சொல்லுங்க, கை எப்ப வரும்னு தெரிஞ்சாலே பாதி பயம் கொறையும்.

ஏற்கனவே குரைச்சு பழகின, வளந்த நாயா இருந்தாலும் இதே வழிதான், ஆள பாத்தும் குரைக்காம இருக்கற தூரம் எதுன்னு கண்டுபிடிச்சு அங்கேருந்து ஆரம்பிங்க, மாசக்கணக்குல ஆகும். உர்ருன்னா திட்டாதீங்க, அத நிறுத்தினா அடுத்து எச்சரிக்கையே இல்லாம கடிதான்.