லைட் லாகர் ‘மென்பீர்’ அல்ல

‘லைட் லாகர்’ என்ற பீர் வகையைத் தமிழில் ‘மென்பீர்’ என்று எழுதுகிறார்கள். உணவகப் பட்டியல், உடல்நலக் குறிப்பு, பயணக் கட்டுரை என்று எங்கும் இந்தச் சொல் தலைகாட்டுகிறது. அழகாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் குடிப்பவருக்கு இது தவறான தகவலைத் தருகிறது; அதனால்தான் இவ்வளவு தூரம் எதிர்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் லாகர். ஜெர்மனில் இதற்குக் கிடங்கு என்று பொருள். கிடத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல். நம் ‘கிட’விலிருந்து ‘கிடங்கு’ வந்த வழியும் அதுவே. பவேரியாவில் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் தயாரிக்கக் கூடாது என்று 1553இல் ஆணை போட்டார்கள். குளிர்காலத்தில் வடித்ததை நிலவறைகளில் பனிக்கட்டியோடு அடுக்கி வைத்துக் கோடையில் விற்றார்கள். அந்தக் கிடப்பில் இருந்த பீர்தான் லாகர்.

கிடப்பில் என்ன நடக்கிறது என்பது தெரிந்தால் மற்றது எளிது. பீரைப் புளிக்கவைப்பது ஈஸ்ட் என்ற நுண்ணுயிர். ஏல் என்ற மற்றொரு பீர் வகைக்கான ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரி வெப்பத்தில் மேலே நுரைத்து வேலை செய்யும், பழவாசனை தரும். லாகர் ஈஸ்ட் 8 முதல் 13 டிகிரியில் நிதானமாகப் புளிக்கவைத்து அடியில் படியும். அதன்பின் 0 முதல் 2 டிகிரி குளிரில் நான்கிலிருந்து எட்டு வாரம் வைப்பார்கள். குளிர்விப்பதற்கு முன் இரண்டு மூன்று நாள் 15–18 டிகிரிக்கு ஏற்றி நிறுத்துவது முக்கியம். அப்போதுதான் ஈஸ்ட், தான் வெளிவிட்ட வெண்ணெய் வாசனைப் பொருளைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அவசரப்பட்டுக் குளிர்வித்தால் ஈஸ்ட் உறங்கிவிடும், வாசனை புட்டியிலேயே தங்கிவிடும். ஸ்டவுட் என்ற கருநிற பீரில் வறுத்த பார்லியின் காபி மணம் இந்தக் குறையை ஓரளவு மூடும். லைட் லாகரில் மூடுவதற்கு எதுவும் இல்லை. கசப்பு அளவு 8 முதல் 12 வரைதான். செக் நாட்டு லாகரான பில்ஸ்னரில் அது 30க்கு மேல். வெண்ணெய், பச்சை ஆப்பிள், வெந்த சோளம் என எந்த வாசனை பிசகினாலும் முதல் மிடறிலேயே தெரியும். சுவை குறைந்த பீரைப் பிழையில்லாமல் தயாரிப்பது அதனால்தான் கடினம்.

இனி ‘லைட்’. ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல் நிறத்தையும் குறிக்கும், கனத்தையும் குறிக்கும், ஆல்கஹால் குறைவு என்றும் கொள்ளப்படும். ஜெர்மனில் இந்தக் குழப்பம் கிடையாது: நிறம் வெளுத்தது ‘ஹெல்’, கனம் குறைந்தது ‘லைக்ட்’. மியூனிக்கின் ஷ்பாட்டன் ஆலை 1894இல் கொண்டுவந்த ஹெலஸ் பொன்னிறம். ஆனால் ஆல்கஹால் 5 விழுக்காட்டை ஒட்டி நிற்கும் முழுமையான பீர். ஹெலஸ் போக் என்ற இன்னொரு வகையும் வெளிர் நிறம்தான், அதில் 6.3 முதல் 7.4 விழுக்காடு! ஆங்கிலத்தின் வழியாக இவற்றைப் பார்த்து, இரண்டையும் ‘மென்பீர்’ ஆக்கினால் பயணி என்ன நினைத்துக் கோப்பையை வாங்குவார்?

‘மென்’ என்ற முன்னொட்டில்தான் கோளாறே இருக்கிறது. மென்பானம் என்றால் தமிழில் ஆல்கஹால் அறவே இல்லாத சோடா, கோலா வகை. அந்தப் பழக்கத்தில் மென்பீரைப் படிப்பவர், ஆல்கஹால் இல்லாத அல்லது பெயருக்கு இருக்கிற பீர் என்றுதான் எடுத்துக்கொள்வார். அமெரிக்க லைட் லாகர்களில் பெரும்பாலானவை 4.2 விழுக்காடு. சாதாரண பட்வைசர் 5. இடைவெளி அவ்வளவுதான்.

அப்படியானால் குறைந்தது எது? மாவுச்சத்தின் மிச்சம். சாதாரண பீரில் ஈஸ்ட்டால் தின்ன முடியாத நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் எஞ்சியிருக்கும். வாயில் உணரும் கனம் அவற்றிலிருந்து வருகிறது. ஜோசப் ஓவேட்ஸ் என்ற உயிர்வேதியியலாளர் ஒரு நொதியைச் சேர்த்து அந்தச் சங்கிலிகளை அறுக்கும் வழியைக் கண்டார். அறுபட்டதையும் ஈஸ்ட் தின்றுவிடும். 1967இல் கேப்லிங்கர்ஸ் என்ற பெயரில் வந்த அந்த டயட் பீர் விலைபோகவில்லை. 1975இல் அமெரிக்கா முழுக்க இறங்கிய மில்லர் லைட்தான் வகையை நிலைநிறுத்தியது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 355 மில்லி மில்லர் லைட்டில் 96 கலோரி. ஆல்கஹால் ஏறத்தாழ 11.8 கிராம், கிராமுக்கு 7 கலோரி வீதம் அதுவே 82 ஆகிவிடுகிறது. மாவுச்சத்து 3 கிராமைச் சற்றே தாண்டும். அதே அளவு பட்வைசரில் 145 கலோரி. ஆல்கஹால் 14 கிராம், மாவுச்சத்து 10 கிராமுக்கு மேல். ஆல்கஹால் ஆறில் ஒரு பங்குதான் குறைந்தது, மாவுச்சத்தோ மூன்றில் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. போதையை மெலிக்கவில்லை, பீரின் உடலை மெலித்திருக்கிறார்கள். கருப்பாக இருக்கும் கின்னஸ் டிராஃப்ட் என்ற ஸ்டவுட்டும் 4.2 விழுக்காடுதான், அதே அளவில் 125 கலோரி. கருத்தது கடுமை, வெளுத்தது மென்மை என்ற எண்ணம் இந்த ஒரு கோப்பையிலேயே உடைந்துபோகும். இலங்கையின் லயன் ஸ்டவுட் 8.8 விழுக்காடு என்பதும் உண்மை. ஆனால் அதற்குக் காரணம் அதன் கருநிறம் அல்ல, அதில் போடும் மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தின் அளவு.

‘இளம்பீர்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். இது இன்னும் மோசம். ஆலைக்காரர்கள் இளம் பீர் என்பது கிடப்புக்குப் போகாத பச்சைப் பீரை. லாகருக்கு நேர் எதிர்ப்பதம்! ‘ஊறல் பீர்’ என்பதும் ஆகாது. தமிழ்நாட்டில் ஊறல் என்றால் சாராயம் காய்ச்சப் பானையில் புளிக்கவிட்ட வெல்லமும் மரப்பட்டையும்தான் நினைவுக்கு வரும். புளிப்பு முடிந்தபின் நடக்கும் குளிர்க் கிடப்புக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்? ‘அடிநொதிப் பீர்’ என்பவர்கள் ஈஸ்ட் என்ற உயிரையும் நொதி என்ற வேதிப்பொருளையும் ஒன்றாக்குகிறார்கள். லைட் லாகரில் இரண்டும் தனித்தனி வேலை செய்வதால் இங்கே அந்தச் சொல் கூடுதல் சேதம் செய்கிறது.

தூய தமிழே வேண்டும் என்பவர்களின் அக்கறை எனக்கும் உண்டு. வீட்டில் வடித்த நெல் கள்ளுக்குப் பெரும்பாணாற்றுப்படையில் தோப்பி என்ற பெயர் இருக்கிறது. அதே பாட்டு அரிசிக் களியிலிருந்து வடிப்பதைச் சொல்லும்போது ‘வழைச்சு அற விளைந்த’ என்கிறது. வழைச்சு என்பது பச்சைத்தன்மை. குளிர்க் கிடப்பு லாகருக்குச் செய்வதும் இதைத்தான். ஆகவே அந்தச் செய்முறையை ‘குளிரில் விளையவைத்தல்’ என்று தாராளமாக எழுதலாம், கள் விளைந்தது என்பது இன்றும் வழக்கில் உள்ளதுதானே. வகைப்பெயரை மட்டும் லாகர் என்றே விடுவது நல்லது. கிடையையும் பீரையும் சேர்த்தால் ‘கிடைப்பீர்’ என்று வினைமுற்றாகிவிடும்.

‘லைட்’டுக்கு ஒரே சொல்லைத் தேடுவதை விட வேண்டும். நிறம் என்றால் வெளிர் லாகர். மாவுச்சத்தைக் கரைத்து மெலித்தது என்றால் மெலிந்த லாகர். ஆல்கஹால் குறைவு என்றால் விழுக்காட்டையே எழுதிவிடலாம். நம் கடைகளில் ‘லைட்’, ‘ஸ்ட்ராங்’ என்று கேட்பது இந்த மூன்றாவது பொருளில்; இந்தியத் தரவிதியில் 5 விழுக்காடு வரை சாதாரணம், அதற்கு மேல் 8 வரை ஸ்ட்ராங். இரண்டு புட்டியிலும் இருப்பது பெரும்பாலும் லாகர்தான். 650 மில்லி புட்டியில் 5 விழுக்காடு என்றால் 32.5 மில்லி ஆல்கஹால், 8 என்றால் 52. மெலிந்த லாகரின் 4.2இல் 27.3. ‘மென்பீர்’ என்று எழுதப்போகிறவர் அந்த இடத்தில் இந்த எண்ணை எழுதட்டும்.