பின்தங்கிவிட்டோம் என்ற கணக்கு எங்கே தப்புகிறது?

பள்ளியில் யார் முந்தி, யார் பிந்தி என்பதில் சந்தேகமே கிடையாது. ஒரே பாடம், ஒரே தேர்வு, ஒரே நாளில் முடிவு. 22, 23 வயதில் அந்த அளவுகோல் காணாமல் போகிறது. அளந்து பார்க்கும் பழக்கம் மட்டும் போவதில்லை. நேரடி அளவுகோல் இல்லாத இடத்தில், தம்மைப் போன்றவர்களைப் பார்த்தே மனிதர்கள் தம்மை எடைபோடுவார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே எழுதினார். யாரைப் பார்த்து என்பதில்தான் சிக்கல்.

வேலை என்று நினைத்ததும் ஒரு முகம் வரும். கல்யாணம் என்றால் வேறொரு முகம், சேமிப்பு என்றால் மூன்றாமவர். ஒவ்வொன்றிலும் முன்னால் நிற்பவர்தான் முதலில் நினைவுக்கு வருவார். இந்த மூவரையும் ஒட்டவைத்த ஓர் ஆளோடுதான் நாம் போட்டி போடுகிறோம்.

எண்ணில் பார்க்கலாம். நண்பர்கள் 10 பேர். வேலை, வருமானம், உறவு, வீடு, உடல்நலம் என 5 விஷயங்கள். எல்லாவற்றிலும் நீங்கள் நட்டநடுவில் இருக்கிறீர்கள் என்று வையுங்கள். அதாவது எந்த விஷயத்திலும் ஒரு நண்பர் உங்களை முந்தியிருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அப்படியானால் ஒரு விஷயத்தில் 10 பேரில் ஒருவர்கூட உங்களை முந்தாமலிருக்கும் வாய்ப்பு 1024-இல் 1. ஆக, எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது முன்னால் இருப்பார். ஆனால் ஒரே நண்பர் ஐந்திலும் முந்தியிருக்கும் வாய்ப்பு 32-இல் 1தான். பத்துப் பேரில் அப்படி யாருமே இல்லாமலிருக்கும் வாய்ப்பு சுமார் 73 சதவீதம். (வருமானமும் வீடும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் நிஜத்தில் இது கொஞ்சம் குறையும்.)

நட்பு வட்டமும் ஒரு பக்கம் சாய்ந்ததுதான். நால்வரில் ஒருவருக்கு மற்ற மூவரையும் தெரியும்; அந்த மூவருக்கு அவரை மட்டும்தான் தெரியும். இப்போது நால்வரில் மூவருக்குத் தம் நண்பருக்குத் தம்மைவிட நண்பர்கள் அதிகம். சமூகவியலாளர் ஸ்காட் ஃபெல்ட் 1991-இல் விளக்கிய முரண் இது: பலரோடு பழகுபவர் பலருடைய பட்டியலிலும் இருப்பார். அதனால் நம்மைவிட நண்பர்கள் அதிகம் உள்ளவரோடுதான் நம்மை அதிகம் ஒப்பிடுகிறோம்.

சரிபார்க்க ஒரு தாளும் அரை மணி நேரமும் போதும். பெயர்களை நினைவிலிருந்து எடுத்தால் பழைய கோளாறே திரும்பும். போனில் உள்ள பெயர்களில் உங்கள் வயதுக்காரர்களை மட்டும் பிரித்து, ஐந்துக்கு ஒருவராக 10 பேரை எடுங்கள். குறுக்கே அந்த 5 விஷயங்கள். நேரில் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். மற்ற கட்டங்களில் 'தெரியாது'. வீடு வாங்கியது தெரியும், கடன் எவ்வளவு? இங்கேதான் பலர் சறுக்கி ஊகத்தை எழுதிவிடுவார்கள். ஊகம் எந்தப் பக்கம் சாயும் என்பதும் தெரிந்ததே: 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்கள் சக மாணவர்களின் கஷ்டங்களைக் குறைத்தே மதிப்பிட்டார்கள்.

ஏதோ ஒரு விஷயத்தில் நிஜமாகவே பின்னால் இருந்தால், அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில், அவரும் நீங்களும் அதைத் தொடங்கிய வயதையும் எழுதுங்கள். 21-இல் வேலைக்குப் போனவருக்கு 25-இல் 4 ஆண்டு அனுபவம். 24 வரை படித்தவருக்கு 1 ஆண்டு.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் கிடந்தால் தாளை ஒதுக்கிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.